உறைக்குள் இருப்பது சந்தோசமா, சம்பளமா?

பாங்கொக்கில் கடைசி நாள். விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் குழுத் தலைவர் எழும்பி, முன் சீற்றில் இருந்தவரிடம் ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொடுத்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டொலர். ஐந்து நாளுக்கு 25. கைமாறிப் பின்னால் வர வர உறை வீங்கியது. 28 பேர், 700 டொலர். அதில் கைடுக்கு எவ்வளவு, ட்ரைவருக்கு எவ்வளவு, இடையில் யாருக்கு எவ்வளவு என்று உறையில் எழுதியிருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் களுபோவில சரணங்கர வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர். காசை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது தருமமா, தெண்டமா?”

கொழும்பில் இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சந்தோசம். சிங்களத்திலும் அதே சொல்தான். காஸ் சிலிண்டரை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வருபவரும், கலியாண மண்டப வாசலில் வாகனத்துக்கு இடம் பிடித்துத் தருபவரும் எதிர்பார்ப்பது அதைத்தான். கொடுப்பவருக்கும் சந்தோசம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. விலை குறித்து, தலை எண்ணி, உறை நீட்டி வாங்குவதற்கு அந்தப் பெயர் ஒட்டாது. அது சம்பளம். முதலாளி கொடுக்க வேண்டியதைப் பயணி கொடுக்கிறார்.

மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டொலரிலேயே நிற்கிறது. மிச்சத்தை வாடிக்கையாளர் நிரப்புவார் என்பது கணக்கு. கணக்குப் பழையது. அங்கே உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் கம்பனி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரை ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது; அற்பச் சம்பளம் கொடுத்துப் பயணிகளின் சில்லறையை நம்பி வாழவிட்டது. அவர்கள் 1925-இல் சங்கம் அமைத்தார்கள். கம்பனியோடு முதல் ஒப்பந்தம் கைக்கு வர 1937 ஆயிற்று. பெருந்தன்மைப் பெயர் பயணிக்கு, இலாபம் கம்பனிக்கு.

ஆனாலும் டிப்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அது இல்லாத இடத்தில் வந்து குந்துவது அதைவிட மோசமான ஒன்று: கொமிஷன். அந்தப் பாங்கொக் பயணத்தில் அரண்மனையைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். மாணிக்கக் கடைக்கு ஒன்றரை மணித்தியாலம், கோப்பியும் இலவசம். நம் ஊரிலும் கதை வேறில்லை. கண்டி வீதியில் மாவனெல்லைப் பக்கமும், அதற்கப்பால் மாத்தளையிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பிறகு பத்திக், மரச்சிற்பம், நீலக்கல். லண்டனிலிருந்து வந்த உறவுக்காரரோடு ஒருமுறை மாத்தளைக்குப் போனபோது, வான் நின்ற கையோடு ஒருவர் வந்து வான் இலக்கத்தைக் கொப்பியில் குறித்ததைக் கண்டேன். உள்ளே விற்ற சந்தன எண்ணெய்க்கு வெள்ளவத்தை விலையைப் போலப் பல மடங்கு. கைடின் பங்கு அந்தப் போத்தலுக்குள் இருந்தது.

சீனா இதைச் சட்டத்தால் அறுக்கப் பார்த்தது. 2013 ஒக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த அதன் சுற்றுலாச் சட்டம், மலிவு விலை காட்டி ஆளைச் சேர்த்துக் கடைகளில் ஈடுகட்டுவதைத் தடைசெய்தது. கைடு டிப்ஸ் கேட்பதற்கும் அதே சட்டத்தில் தடை. மூன்று வருடம் கழித்து, 2016-இல், சீனப் பயணிகளை ஏற்றி இறக்கும் இதே மாதிரியான ‘ஸீரோ டொலர்’ சுற்றுலாக்களைப் பிடிக்கத் தாய்லாந்து பொலிஸ் ஓடவேண்டியிருந்தது.

டிப்ஸ் நல்ல சேவையை வரவழைக்கும் என்பார்கள். கைடைப் பொறுத்தவரை இது சரிவராது. சந்தோசம் கைக்கு வருவது கடைசி நாள். எந்தக் கடையில் நிறுத்துவது என்று அவர் முடிவெடுப்பது இரண்டாம் நாள். திரும்ப ஒருபோதும் சந்திக்கப் போகாத ஆட்கள் எவ்வளவு தருவார்களோ தெரியாது. கடைக்காரர் தருவது நிச்சயம். நானாக இருந்தாலும் கடைக்குத்தான் போவேன். இந்த இடத்தில் எல்லோரும் திட்டும் அந்தக் கட்டாய 5 டொலருக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது: தொகை முன்கூட்டியே தெரிந்தால் கைடுக்குக் கடையின் தேவை குறையும். அதன் பழுதும் அதே இடத்தில்தான். மோசமான கைடுக்கும் அதே தொகை; அதுவும் முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார் இல்லை. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் முதல் தொழிலாளிக்கு வந்த டிப்ஸில் முதலாளி கைவைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாங்கொக் பஸ்ஸில் சுற்றும் உறைக்கு அது செல்லாது.

இன்னொரு பழுதைப் பற்றி வெள்ளவத்தையில் பேசுவது குறைவு. ஆடி, ஆவணியில் கனடாவிலும் லண்டனிலுமிருந்து வரும் குடும்பங்கள் டொலரிலும் பவுணிலும் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போகும். புரட்டாசியில் அதே வானை எடுக்கும் கொட்டாஞ்சேனைக் குடும்பம் ட்ரைவரைத் தங்களோடு இருத்திச் சோறு கொடுத்து, ரூபாயில் ஏதோ கொடுக்கும். ஒரே பாதை, ஒரே ஏசி வான், ட்ரைவரின் முகம் வேறு. ட்ரைவரில் குற்றம் சொல்ல மாட்டேன். தந்த கையை முகம் நினைவில் வைக்கும்படி செய்துவிட்டது இந்த வழக்கம்.

பவுண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதே மாத்தளைப் பயணத்தில் எங்கள் ட்ரைவர் ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்து உறவுக்காரரிடம் நீட்டினார். உள்ளே பவுண் குற்றிகள், பழைய பயணிகள் சந்தோசமாகக் கொடுத்தவை. “அண்ணை, இதை ஒரு தாளாக மாற்றித் தருவீங்களா? இங்கை காசு மாத்துற கடையிலை குற்றி எடுக்கமாட்டினம்.” எண்ணிப் பார்த்தோம், 23 பவுண். மாதக்கணக்கில் பைக்குள் கிடந்த சம்பளம்.

ஆகவே, ரீச்சருக்கு என் பதில்: அது தெண்டமில்லை, ஆனால் தருமமும் இல்லை, பயணக் கட்டணத்தில் மறைத்த ஒரு பகுதி. அதைக் கட்டணத்துக்குள் சேர்த்து, கைடுக்கும் ட்ரைவருக்கும் எவ்வளவு என்று ரசீதில் அச்சடிக்க வேண்டும். முன்பணம் கட்டும்போதே கேளுங்கள்: கைடின் நாட்கூலி விலைக்குள் இருக்கிறதா? எத்தனை கடைகளில் நிற்போம்? பதில் இழுபட்டால் வேறு இடம் பாருங்கள். அதற்கு மேல் மனம் வந்து கொடுப்பதானால் ட்ரைவருக்குத் தனியாக, கையிலேயே கொடுங்கள். தாளாகக் கொடுங்கள், குற்றி வேண்டாம்.