காலும் கூலியும்

தொண்டர் ஸ்தாபனங்களின் விழாக்களுக்கு நம்மிற் பலர் சென்றிருக்கிறோம். மேடையிலே சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். பிரதம விருந்தினருக்கு மாலை விழும், புகைப்படம் எடுக்கப்படும், நன்றியுரையுடன் கூட்டம் கலையும். நாற்காலியைப் பெற்றவர் மறுநாட் காலையில் அதிலேறி எங்கே செல்வார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அக்கேள்வியையே நாம் இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

இந்த ஸ்தாபனங்களின் பணியைக் குறைத்து மதிப்பது எமது நோக்கமன்று. வாழ்வில் நம்பிக்கையிழந்தோருக்குச் சுமித்ரயோ 1974 தொடக்கம் செவிகொடுத்து வந்துள்ளது. யுத்தத்தின் நடுவே, 1987இல், யாழ்ப்பாணத்திலே உளவளத்துணைக்கெனச் சாந்திகமும், காலிழந்தோருக்கென ஜெய்ப்பூர் நிலையமும் தோன்றின. அரசின் கரம் நீளாத இடங்களில் இத்தகைய கரங்களே நீண்டன. இதனை மறுப்பவர் நன்றி மறந்தவராவார்.

ஆயினும், ஜெய்ப்பூர்க் காலின் வரலாற்றையே சற்று எண்ணிப் பார்ப்போம். 1968இல் அதனை உருவாக்கியவர்கள் இருவர்: ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி. கே. சேத்தி என்னும் வைத்தியரும். மேனாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்தணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டது. சர்மாவும் சேத்தியுமோ, நிலத்திற் குந்தியிருந்து, வெறுங்காலுடன் நடந்து, சேற்று வயலில் இறங்கி உழைப்பவனை மனத்திற் கொண்டு றப்பரிலும் மரத்திலும் ஒரு பாதத்தைச் செய்தனர். வயலுக்குத் திரும்பிச் செல்வதற்காகப் பிறந்த கால் அது. 1981இல் மக்சாசே விருது வைத்தியருக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயரை அறிந்தோர் சிலரே. உழைப்பவனை மறந்து உதவியவரைக் கொண்டாடும் எமது வழக்கம் இங்கும் தப்பவில்லை.

அங்கவீனர் என்றிருந்த சொல் வலுவிழந்தோர் என்றாகி, மாற்றுவலுவுள்ளோர் என்றும் ஆயிற்று. சொல் மாறிய அளவுக்கு வாழ்வு மாறியதா? 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இவர்களின் தொகை ஏறக்குறைய 16 இலட்சம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் பத்துக்கு ஏழு பேரளவில் எத்தொழிலிலும் இல்லை. தொழில் தேடுவோராகவும் இல்லை. சட்டம் இல்லையென்று எவரும் சொல்வதற்கில்லை. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் 100 வெற்றிடங்களுக்கு 3 இவர்களுக்குரியவை என 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறிற்று. தொழிலில் பாரபட்சம் காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. 2016இல் சர்வதேச சமவாயத்தையும் நாடு ஏற்றது. ஆனால், சுற்றறிக்கை தகைமையைக் கேட்கிறது. தகைமையைத் தரும் பாடசாலையின் வாசலிலோ படிக்கட்டுகள் நிற்கின்றன!

உளநோயுற்றவரின் நிலை இதனினும் துயரமானது. 1873இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச்சட்டம் அவரை அடைத்துக் காக்க வேண்டியவராகவே கண்டது. வீட்டின் அருகிலேயே பராமரிப்பு வேண்டுமென்ற கொள்கையை 2005இலேதான் அரசு ஏற்றது. மருந்தினால் தேறித் திரும்பியவரைப் பிணியினும் கொடிதாக வருத்துவது வேலையின்மையும் அயலவரின் பார்வையும். தொழிற்பயிற்சி என்ற பெயரில் அவர் ஆண்டுக்கணக்காகக் கடதாசி உறை ஒட்டினால், அவர் எப்போது தொழிலாளியாவார்? பயிற்சி முடியாதவரைக்கும் கூலி என்ற சொல் எழாது. கைச்செலவுப் பணம் என்ற சொல்லே வழங்கும். உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலியை மறுப்பது எங்கு நிகழினும் சுரண்டலே. கருணை இல்லத்தில் நிகழ்வதால் அது வேறொன்றாகிவிடாது.

இதற்குத் தொண்டரின் மனக்குறையைக் காரணமாகக் கூற முடியாது. பணம் தருபவர் எண்ணிக்கை கேட்கிறார். கொடுத்த நாற்காலிகளை எண்ணலாம். ஒருவர் பத்தாண்டுகள் தொடர்ந்து உழைத்து வாழ்ந்ததை ஓராண்டு அறிக்கையில் அடக்க இயலாது. 2004 கடற்கோளின் பின் கிழக்குக் கரையில் வந்து குவிந்த ஸ்தாபனங்களிற் பல, திட்டக்காலம் முடிந்ததும் பெயர்ப்பலகையுடன் மறைந்ததை மக்கள் மறக்கவில்லை. அரசோ, தன் கடமையைப் பிறர் சுமப்பதைக் கண்டு ஆறுதலடைகிறது.

மாறான முன்மாதிரியும் உண்டு. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா 2009இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார்; புதிய பொதுக்கட்டடங்கள் யாவரும் நுழையத்தக்கனவாக அமைய வேண்டுமென்று 2011இல் மன்று கட்டளையிட்டது. அவர் கேட்டது தானமன்று, வாசல்.

நாமும் குற்றமற்றவரல்லர். எமது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் அந்த நூற்றுக்கு 3 எத்தனை முறை இடம்பெற்றது? எமது கதைகளில் குருடன் இரக்கத்தைத் தூண்டவும், பித்தன் தத்துவம் பேசவும் வருகிறார்களேயன்றி, சம்பளத்துக்காக வாதாடும் மனிதராக வருவதுண்டா?

இனி ஒரு தொண்டர் ஸ்தாபனத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். அதன் நிர்வாக சபையில் வலுவிழந்தோர் அமர்ந்துள்ளனரா? அங்கே உழைப்பவர் கூலி பெறுகிறாரா? அரசு எழுதிக் கொடுத்த வாக்கை அது அரசிடமே கேட்கிறதா? ஆமென்று கூறும் ஸ்தாபனத்துடன் ஆசிரியரும் மாணவரும் தோள்கொடுத்து நிற்க வேண்டும். அல்லவெனில், மாலை விழும்போது கைதட்டாமல் எழுந்து நின்று, நாளைக் காலை இவர் எங்கே வேலைக்குச் செல்வார் என்று கேட்க வேண்டும்.