மூடியைத் திறந்து பார்க்காதவர்கள்

சீனாவின் யீஷிங் ஊர்த் தேநீர்க் கெண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை அதைக் கவிழ்ப்பது. அடியில் முத்திரை இருக்கிறதா, யார் பெயர், எழுத்து எடுப்பாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் மண்ணைப் பற்றிய பேச்சே தொடங்கும். நிலத்தை மிதித்துப் பார்க்காமல் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குகிற கதை இது. கெண்டி வடிவமைத்த சிங் கால அறிஞர் சென் மான்ஷெங் இறந்தது 1822இல். அவருடைய ‘அமாந்துவோ ஷீ’ முத்திரை தாங்கிய கெண்டிகளோ இன்றுவரை பிறந்துகொண்டே இருக்கின்றன. முத்திரைக் கட்டை செதுக்க ஒரு பிற்பகல் போதும். மண்தகட்டை அடித்து, வளைத்து, ஒரு கெண்டியாக எழுப்பக் கற்க ஆண்டுகள் பிடிக்கும். இரண்டில் எளிதாகப் போலி செய்யக்கூடியதையே முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் காலக்கணக்கு தொடங்குவதே முத்திரை இல்லாத ஒரு கெண்டியிலிருந்துதான். மிங் அரண்மனை அண்ணகர் வூ ஜிங்கின் கல்லறை நான்ஜிங்கில் 1960களில் திறக்கப்பட்டபோது கிடைத்தது அது. உடன் கிடைத்த கல்வெட்டு 1533ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஸீஷா எனும் யீஷிங் மண்ணில் செய்த, காலம் உறுதியாகத் தெரிந்த கெண்டிகளில் இதற்கு மூத்தது இல்லை.

அதை அழகுப் போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பிவிடும். பருத்த உடல், தலைக்கு மேல் வளைந்தோடும் கைப்பிடி, பிற்காலத்து நயம் இன்னும் கூடிவராத மண். ஆனால் செய்தவர் எதையும் ஒளிக்கவில்லை. மூக்கு உடலைத் தொடும் இடத்தில் ஒட்டு விட்டுவிடாமலிருக்க நான்கு இதழாக மண்ணைப் பரப்பி ஒட்டியிருக்கிறார். அது அலங்காரம் போலத் தெரிந்தாலும் செய்கிற வேலை பற்றாசு வேலை. கைப்பிடியின் பின்பக்கம், மூடியைக் கயிற்றால் கட்டிவைக்க ஒரு சிறு வளையம். மூடியைப் புரட்டினால் இன்னும் சுவாரசியம். பின்னால் வந்த கெண்டிகளில் மூடிக்கு அடியில் ஒரு விளிம்பு வாய்க்குள் இறங்கி உட்காரும். இங்கே அது கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மண்பட்டைகள், அவ்வளவுதான். மூடி நழுவாமல் நிற்பது அவற்றின் தயவில். உடலில் அங்கங்கே கண்ணாடிப் பூச்சுத் துளிகள் வேறு. கெண்டியில் பூச்சே இல்லை. அதே சூளையில் பக்கத்தில் வெந்த சாடிகளிலிருந்து உருகித் தெறித்தவை அவை.

அந்தத் துளிகளுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. மிங் காலத்தின் கடைசியில் யீஷிங் கெண்டிகளைப் பற்றி எழுதிய ஜோ காவ்சி, கெண்டியைத் தனி மண்கூட்டுக்குள் அடைத்துச் சூளையில் வைக்கும் பழக்கம் குயவர் லீ மாவ்லினிடமிருந்து வந்தது என்றும், அதற்கு முந்தைய கெண்டிகளில் சாடிப் பூச்சு தெறித்த கறை தவிர்க்க முடியாதது என்றும் குறித்திருக்கிறார். புத்தகத்தில் இருந்த வரிக்கு முந்நூறு ஆண்டுகள் கழித்து மண்ணுக்குள்ளிருந்து ஆதாரம் வந்தது. எந்த முத்திரை இப்படிச் சாட்சி சொல்லும்?

இதற்கு நேர்மாறு, மிங் காலக் குயவர் கோங்சுன் பெயரில் வழங்கும் கெண்டி. மரக்கணு வடிவம், கைப்பிடிக்கருகே கோங்சுன் என்ற பெயர், பெய்ஜிங்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இடம் என்று எல்லாப் பெருமையும் அதற்கு இருக்கிறது. பழைய மூடி மட்டும் இல்லை. சிங் கால இறுதியில் குயவர் ஹுவாங் யூலின் பூசணிக் காம்பு வைத்து ஒரு மூடி செய்தார். பிறகு ஓவியர் ஹுவாங் பின்ஹோங் பார்த்துவிட்டு, இது பூசணி அல்ல, மரக்கணு என்றார். அதன்படி குயவர் பெய் ஷிமின் இன்னொரு மூடி செய்தார். கெண்டியின் உடலே ஹுவாங் யூலின் கைவேலைதான் என்று சந்தேகிக்கிறவர்களும் உண்டு. பெயர் பொறித்திருந்தும் தகராறு தீரவில்லை.

தீர்க்க முடிந்த இடங்களில் தீர்ப்பு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. மண்தகட்டை வட்டமாகச் சுற்றி இரு முனைகளையும் சேர்த்த தையல் கைப்பிடிக்குப் பின்னால், உட்சுவரில் ஒளிந்திருக்கும். வெளியே எருமைக்கொம்புத் தகட்டால் தேய்த்துத் தேய்த்து அதை அழித்துவிடுவார்கள். உள்ளே அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். சக்கரத்தில் எழுப்பியதென்றால் உள்ளே வரிவரியாகச் சுழல் தெரியும். அது சாவோஜோ ஊர்க் கெண்டிகளுக்கு இயல்பு, யீஷிங் பெயரில் வந்தால் ஐயம். குழம்பாகக் கரைத்து அச்சில் ஊற்றியது உள்ளும் வழவழப்பாக, அந்தப் பருமனுக்குப் பொருந்தாத லேசாக இருக்கும். ஜிப்சம் சாந்து அச்சு யீஷிங்கில் தொழிற்சாலைக் காலத்தில், 1950களில் பரவியது. அதன் தடயத்தோடு வருகிற ‘சிங் கால’க் கெண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஏலப் பட்டியல்களில் நான்கு பக்கமும் படம் எடுத்துப் போடுகிறார்கள். உட்புறப் படம் கேட்டால்தான் வரும், சில நேரம் கேட்டாலும் வராது.

ஓசையை நம்புகிறவர்கள் மூடியால் வாயைத் தட்டிக் காது கொடுக்கிறார்கள். ஓசை சொல்வது வெந்த பதத்தைத்தான், வயதை அல்ல. மெருகை நம்புகிறவர்களுக்கு அதைவிட ஆபத்து. தேயிலைச் சாற்றில் கொதிக்கவைத்தும், எண்ணெயும் காலணிப் பாலிஷும் தேய்த்தும் சில நாட்களில் நூறாண்டு மெருகை ஏற்றிவிடலாம். மூக்கின் நுனி, மூடி விளிம்பு, அடி என்று கை படும், மேசை உரசும் இடங்கள் தேய்ந்து, படாத இடுக்குகள் அழுக்கேறியிருப்பதே உண்மையான பழமை. உடல் முழுக்க ஒரே சீராக மின்னினால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். இதற்கும் விலக்கு உண்டு. சயாமுக்கு அனுப்பிய கெண்டிகளை எந்திரத்தில் தேய்த்து மினுக்கி, விளிம்பில் பித்தளைப் பட்டை கட்டினார்கள். அந்த மினுக்கம் நேர்மையானது.

போலியிலும் தரம் உண்டு என்பதை 1930களின் ஷாங்காய் நிரூபித்தது. பழம்பொருள் வியாபாரிகள் யீஷிங்கின் தேர்ந்த கைகளை அழைத்துவந்து மிங், சிங் கால மேதைகளின் பெயரில் கெண்டி செய்யவைத்தார்கள். கூ ஜிங்ஜோ, பெய் ஷிமின், இளம் ஜியாங் ரோங் எல்லோரும் அந்தப் பள்ளியில் தேறியவர்கள். பல ஆண்டுகள் கழித்து, பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் சிங் கால மேதை சென் மிங்யுவான் பெயரில் இருந்த ஒரு நீர்க்கலத்தைத் தன் கைவேலை என்று ஜியாங் ரோங் அடையாளம் காட்டினார். நிபுணர்கள் ஏமாந்ததில் வெட்கப்பட எதுவுமில்லை. ஏமாற்றியவர் அவர்களைவிடப் பெரிய ஆள்.

தாமரையும் மூங்கிலும் படரும் உருவக் கெண்டிகளுக்கு ஜியாங் ரோங் ஒரு பேரரசி. அந்த வகையின் ரசிகர்கள் மன்னிக்கட்டும்: இலையும் பூச்சியும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன, உருவத்தின் குறையை மன்னிக்கவைக்கின்றன. வெற்றுக் கெண்டியில் ஒளிய இடமில்லை. கூ ஜிங்ஜோவின் ஷிபியாவோ வடிவக் கெண்டியில் தோளிலிருந்து அடிவரை இறங்கும் கோடு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அம்பலம். அப்படிப்பட்டவரின் பெயரில் 2015இல் 9.2 கோடி யுவானுக்கு ஏலம் போனது எது? அணிலும் திராட்சையும் ஒட்டிய பத்து உருப்படித் தொகுதி. சந்தைக்கு அணிலைத்தான் பிடித்திருக்கிறது.

ஸீஷா மண் கிடைத்த ஹுவாங்லோங் மலைச் சுரங்கங்கள் 2005 வாக்கில் மூடப்பட்டன. ‘அசல் மலை மண்’ என்று கூவி விற்பது மட்டும் நிற்கவில்லை. 2010இல் சீன மத்தியத் தொலைக்காட்சி, சாதாரண மண்ணில் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசு டை ஆக்சைடும் கலந்து ஸீஷா நிறம் வரவழைப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. ஷாங்காய்ப் போலிக்காரர்களிடம் கைத்திறனாவது இருந்தது என்ற அளவுக்கு அவர்களைப் புகழலாம்.

இப்போது போலிக்காரர்கள் யீஷிங் முதலாம் ஸீஷா தொழிற்சாலையின் எளிய ஷுய்பிங் வடிவக் கெண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. அடியில் ‘சீன யீஷிங்’ என்று நான்கெழுத்து முத்திரை, மூடிக்குள் ஊழியரின் சிறு குறி, சிலவற்றில் பச்சைச் சீட்டு; அன்றாடம் தேநீர் குடிக்கச் செய்த சரக்கு. மூக்கின் உள்வாயில் ஒற்றைத் துளை என்றால் முந்தியது, உருண்டைச் சல்லடை என்றால் 1970களின் பிற்பகுதியிலோ பின்னரோ வந்தது என்பது சேகரிப்போர் கைக்கணக்கு. கணக்கு ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. இன்று அச்சிலிருந்து எடுத்து மின்சூளையில் சுட்ட ‘எழுபதுகளின் கெண்டி’க்கும் ஒற்றைத் துளைதான் போடுகிறார்கள், பச்சைச் சீட்டையும் பழுப்பேற்றியே ஒட்டுகிறார்கள்.