காரணம் எழுதாத தாள்

"உங்க அம்மா வழியில யாருக்காவது மார்புல கட்டி இருந்துதா?" மருத்துவர் இப்படிக் கேட்ட பிறகுதான் ஆயாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். ஆயா 1978இல் கருவேப்பிலங்குறிச்சியில், வீட்டிலேயே இறந்தார். தாளில் அவர் பெயர், கணவர் பெயர், தேதி, இடம், பதிவு எண் எல்லாம் இருக்கின்றன. எதனால் இறந்தார் என்பது மட்டும் இல்லை.

இது எழுத்தரின் மறதி அல்ல. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், பதிவேட்டிலிருந்து தரும் சான்றில் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 17ஆம் பிரிவில் சொல்கிறது. இறந்தவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் காரணம் அரசின் புள்ளிவிவரத்துக்குப் போகிறது, பேத்திக்கு வருவதில்லை. இங்கிலாந்தில் 1837இல் தொடங்கிய பதிவுமுறையில் காரணம் சான்றிதழிலேயே இருக்கும். அங்கே ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியின் நோயைப் படித்து அறியலாம்.

பதிவேடு திறந்தே கிடந்தாலும் அதில் யாருடைய சொல் இருந்திருக்கும்? வீட்டில் நேர்ந்த இறப்பைக் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். அவர் இல்லையென்றால் நெருங்கிய உறவினர். அவரும் இல்லையென்றால் அங்கிருக்கும் வயதில் மூத்த ஆண். 1969இல் 8ஆம் பிரிவு இப்படித்தான் எழுதப்பட்டது. ஆயாவைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றிய மகளை அந்த வரிசை நினைக்கவில்லை. தாத்தா கிராம அதிகாரியிடம் போய் மனைவியின் மார்பைப் பற்றியா பேசியிருப்பார்? "காய்ச்சல்" என்ற சொல் இருவருக்கும் வசதி. சென்னை மாகாணத்தின் பழைய இறப்புக் கணக்குகளிலும் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற எனச் சில கூடைகளே இருந்தன. மலேரியாவில் போனவளும் பிரசவ ஜன்னியில் போனவளும் ஒரே கூடையில் விழுந்திருக்கலாம்.

பெரியம்மாவிடம் கேட்டேன். "காய்ச்சல்னுதான் சொன்னாங்க. ஆனா ஆயா கடைசி ஒரு வருசம் ரவிக்கையே போடலடி. இடது பக்கம் துணி வெச்சுக் கட்டியிருக்கும். நாத்தம் தெரியக் கூடாதுன்னு வேப்பிலை அரைச்சுப் போடுவோம்."

நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக இது பெண்களுக்குள் மட்டுமே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். நோயின் பெயர் தெரிந்த துயரம் அது. பெயர் தெரியாத எங்கள் துயரம் வேப்பிலையோடு நின்றுவிட்டது.

2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மருத்துவமனையில் இறந்தவரின் காரணச் சான்று நகல் நெருங்கிய உறவினருக்கும் தரப்பட வேண்டும். நல்லதுதான். ஆனால் வீட்டில் இறந்த ஆயாக்களுக்கு அது பயன்படாது. அவர்களின் பதிவேடு இன்னும் உயிரோடிருக்கும் மகள்களும் மருமகள்களும்தான்.

பெரியம்மா சொன்னது நோயறிதல் ஆகாது. ஆனால் அடுத்து என்ன பரிசோதனை என்று மருத்துவர் தீர்மானிக்க அது போதுமானதாக இருந்தது. படிவத்தில் 'தாய்வழிப் பாட்டி' என்ற இடத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். நீங்களும் கேளுங்கள். "எதனால் செத்தாங்க" என்று கேட்காதீர்கள். "காய்ச்சல்" என்றுதான் பதில் வரும். "கடைசியில யார் குளிப்பாட்டினது?" என்று கேளுங்கள்.