கருப்பொருட் பூங்காவும் உரிப்பொருளும்: ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் 'தீம் பார்க்' என வழங்கும் கேளிக்கைத் தலத்தைத் தமிழிற் 'கருப்பொருட் பூங்கா' என்கிறோம். அவ்வாறு மொழிபெயர்த்தவர் தொல்காப்பியத்தை மனத்திற் கொண்டிருந்தார் என எண்ண இடமில்லை. அகராதி தந்த சொல்லை எடுத்து ஒட்டியிருப்பார். எனினும் தற்செயலாக நேர்ந்த அம்மொழிபெயர்ப்பு, மூலச் சொல்லைக் காட்டிலும் கூரியதொரு திறனாய்வுக் கருவியை நமக்கு அளித்துவிட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பனவும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே பாட்டின் உயிர் என்பதை முதலாம் ஆண்டு மாணவரும் அறிவர். இப்பகுப்பைத் துணையாகக் கொண்டு, கேளிக்கைப் பூங்காக்களிற் புதிய நிலங்களைச் சேர்ப்பது குறித்து அவற்றின் ரசிகர்கள் நிகழ்த்திவரும் விவாதத்தை நோக்குவதும், அந்நோக்கின் வழியே வன்னியைச் சிறிது பார்ப்பதும் இக்கட்டுரையின் எல்லையாகும்.

1955 யூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாகைம் நகரில் வோல்ட் டிஸ்னி திறந்துவைத்த டிஸ்னிலாந்தே இத்துறைக்கு முன்மாதிரி. இராட்டினங்களும் சறுக்குத் தடங்களும் அதற்கு முன்னரும் உலகில் இருந்தன. டிஸ்னி செய்த புதுமை, பூங்காவைப் பல நிலங்களாகப் பகுத்தமையாகும். அவற்றுக்கு 'லாண்ட்' என்றே பெயர். பழைய அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு, சாகச நிலம், எல்லைப்புற நிலம், கற்பனை நிலம், நாளைய நிலம் எனத் தொடக்கத்தில் ஐந்து இருந்தன. (ஐந்து என்ற எண்ணைக் கண்டதும் டிஸ்னி தொல்காப்பியம் கற்றவர் என நிறுவப் புறப்படும் அன்பர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களைத் தடுப்பது நம் வேலையன்று.) ஒவ்வொரு நிலத்துக்கும் தனி மரம், தனி உணவு, தனி இசை, பணியாளருக்குத் தனி உடை. தொல்காப்பியர் எண்ணிய கருப்பொருள் எட்டும் ஏறத்தாழ அங்குள்ளன. தெய்வத்தின் இடத்தில் மட்டும் திரைப்படப் பாத்திரம் அமர்ந்திருக்கிறது. முல்லைக்கு மாயோன், அங்கே ஓர் எலி.

கற்பனை உலகில் எஞ்சியிருக்கும்வரை தம் பூங்கா முற்றுப்பெறாது என டிஸ்னி கருதினார். அக்கருத்து வணிகத்துக்கும் மிகப் பொருத்தமாக அமைந்தது. 1966 இல் நியூ ஓர்லியன்ஸ் சதுக்கம், 1993 இல் கேலிச்சித்திரப் பாத்திரங்களுக்கென ஒரு பட்டினம், 2019 இல் 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படங்களின் நிலம் எனப் பூங்கா வளர்ந்தது. 2023 இல் டிஸ்னி நிறுவனம், பூங்காக்களிலும் அவற்றைச் சார்ந்த தொழில்களிலும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 60 பில்லியன் டொலர் முதலிடப் போவதாக அறிவித்தது. 2024 ஓகஸ்டில் அனாகைமில் நடைபெற்ற ரசிகர் மாநாட்டில், புளோரிடாவிலுள்ள பூங்காக்களுக்கான புதிய நிலங்களின் விபரம் வெளியாயிற்று. போட்டி நிறுவனமான யூனிவர்சல், 2025 மே மாதத்தில் ஐந்து 'உலகங்கள்' கொண்ட புதிய பூங்காவொன்றை ஓர்லாண்டோவிற் திறந்தது. இவை ஒவ்வொன்றும் ரசிகரிடையே பெரும் வாதங்களை எழுப்பின.

அவ்வாதங்களை நுகர்வோரின் வெறும் புலம்பல் எனத் தள்ளிவிடுதல் எளிது. நம் கல்வியுலகம் அவ்வாறே தள்ளும். ஆனால் கூர்ந்து நோக்குமிடத்து அவை திறனாய்வாகவே அமைந்திருப்பதைக் காணலாம். ஒருசாரார் நிலத்தின் ஒழுக்கம் பேசுவோர். ஒவ்வொரு நிலமும் தனக்கெனக் கதை உடையதாதல் வேண்டும். வெற்றிபெற்ற படமொன்றின் பெயரைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டலாகாது என்பர். மற்றொரு சாரார், பிள்ளைகள் அறிந்து நேசிக்கும் கதையை நிலமாக்குவதில் இழுக்கென்ன எனக் கேட்பர். இன்னொரு சாரார் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவர்களே. பழையதை இடித்து அவ்விடத்திற் புதியதைக் கட்டுவது விரிவாக்கமன்று, பெயர்ப்பு என்பது அவர்கள் கட்சி. புதிய நிலம் இருக்கட்டும். முதலில் நிழலும் இருக்கையும் தாருங்கள், பழுதானதைத் திருத்துங்கள் என்பர்.

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று சுவையானது. புளோரிடாவில் 1998 இல் திறக்கப்பட்ட 'அனிமல் கிங்டம்' என்னும் விலங்குப் பூங்காவில், 2006 இல் எவரெஸ்ட் மலையின் பெயரால் ஒரு றோலர் கோஸ்டர் அமைக்கப்பட்டது. மலைக்குள்ளே பிரமாண்டமான இயந்திரப் பனிமனிதன் பாய்ந்து வந்து பயணிகளைப் பிடிக்க முயலும். திறந்த சிறிது காலத்திலேயே அது அசையாது நின்றுவிட்டது. அசைவது போலத் தோற்றுவிக்க அதன்மீது ஒளியைச் சிமிட்டச் செய்தனர். ஆண்டுகள் பல கடந்தும் ரசிகர்கள் அதனை மறக்கவில்லை. நிறுவனம் புதிய நிலத்தை அறிவிக்கும் போதெல்லாம், 'பனிமனிதன் எப்போது அசைவான்?' என்ற கேள்வி எங்கிருந்தோ எழுகிறது.

அப்பூங்காவே நம் ஆய்வுக்கு மிக வாய்ப்பானது. அதன் 'ஆசியா' நிலம் 1999 இல் திறக்கப்பட்டது. அதற்குள் 'ஆனந்தபூர்' என்றொரு கற்பனை ஊர் உண்டு. இந்தியா, நேபாளம், தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளின் கட்டட உறுப்புக்களைக் கலந்து செய்த ஊர் அது. சிதைந்த அரண்மனை, மங்கிய சுவரோவியம், கட்டித் தொங்கவிட்ட வழிபாட்டுக் கொடிகள், வெயிலில் வெளிறிய விளம்பரத் தாள் ஆகிய எல்லாம் உண்டு. வெளிறலும் சிதைவும் புதிதாகச் செய்தவை. திரைப்படம் எதனையும் சாராத இந்நிலத்தையே நில ஒழுக்கம் பேசுவோர் உயர்ந்த சான்றாகப் போற்றுகின்றனர். 2017 இல் அதே பூங்காவில் 'அவதார்' திரைப்படத்தின் பண்டோரா நிலம் திறக்கப்பட்டபோதும், டைனோசர் நிலத்தை அகற்றி அவ்விடத்தில் வெப்பமண்டல அமெரிக்க நாடுகளின் பெயரால் ஒரு நிலம் அமைக்கப்படும் என 2024 இல் அறிவிக்கப்பட்டபோதும், அவர்கள் ஆனந்தபூரையே அளவுகோலாக நீட்டினர்.

தென்னாசியராகிய நாம் இவ்வளவுகோலை எங்ஙனம் ஏற்பது? நிலங்கள் ஒருங்கு மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பியர் சுட்டும் புலவர் கொள்கை. காத்மண்டுவின் சாளரமும் ராஜஸ்தானின் வளைவும் ஒரே தெருவில் நின்றால் அவர் முகஞ்சுளித்திருப்பார். எனினும் உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என அவரே இடமளிக்கிறார். ஆகவே கலப்பு மட்டும் குற்றமாகாது. என் குறை வேறு. ஆனந்தபூரில் எவரும் காலையில் எழுந்து வாசல் தெளிப்பதில்லை. எவரும் எவரையும் பிரிவதில்லை. எவருக்காகவும் எவரும் காத்திருப்பதில்லை. ஊருக்குரிய பொருள்கள் யாவும் உள, ஊர் இல்லை. ரசிகர்கள் காக்க முற்படும் ஒழுக்கம் கருப்பொருளின் ஒழுக்கமேயன்றி உரிப்பொருளின் ஒழுக்கமன்று.

இங்ஙனம் கூறி முடித்துவிடலாம் என்று எண்ணும்போது ஒரு நிகழ்ச்சி நம்மை மறிக்கிறது. புளோரிடாவிலுள்ள 'மஜிக் கிங்டம்' பூங்காவில், 1971 இல் அது திறந்த நாள்தொட்டு ஒரு செயற்கை ஆறு இருந்தது. அதிலே தண்டவாளத்திற் செல்லும் நீராவிப் படகும் நடுவில் ஒரு தீவும் இருந்தன. மோட்டார் வண்டிகளைப் பாத்திரங்களாகக் கொண்ட கேலிச்சித்திரப் படமொன்றின் நிலத்துக்காக, 2025 யூலையில் அவ்வாறு மூடப்பட்டது. வளர்ந்த ஆண்களும் பெண்களும் கரையில் நின்று கண்ணீர் விட்டனர். வெட்டி நீர் நிரப்பிய போலி ஆற்றுக்கு அழுகை எதற்கு எனச் சிரிப்போர் உளர். நான் சிரிக்கத் துணியேன். இரணைமடுவும் வெட்டிக் கட்டியதுதான். தந்தையின் கைபிடித்து அங்கு வந்தவர், பின்னர் தம் பிள்ளையைக் கைபிடித்து வந்திருக்கிறார். இடையில் தந்தை இறந்திருக்கிறார். பிரிதலும் இரங்கலும் அக்கரையில் ஏறின. அவற்றை நிறுவனம் செய்யவில்லை, அரைநூற்றாண்டு செய்தது. கேளிக்கை நிலமும் உரிப்பொருள் பெறும். ஆனால் அதனைக் கொண்டுவருவோர் கட்டியவர் அல்லர், வந்து போனவர்களே. ரசிகர் விவாதத்தின் ஆழத்திற் கிடக்கும் கோரிக்கையும் இதுவே என்பது என் துணிபு: எங்கள் உரிப்பொருள் ஏறிய நிலத்தை எங்களைக் கேளாது பெயர்க்காதீர்.

தமிழகத்திற் திணையையே பூங்காவாக்கிய முயற்சியும் உண்டு. ஐந்து திணைகளின் பெயரால் ஐந்து மரபணுப் பூங்காக்களைத் தோட்டக்கலைத் துறையினர் அமைத்துள்ளனர். குறிஞ்சிக்கு ஏற்காடு, நெய்தலுக்குத் திருக்கடையூர், பாலைக்கு இராமநாதபுர மாவட்டம். செடி கொடிகளைப் பேணும் நோக்கம் நன்று. ஆயினும் பாலைக்கு எல்லையிட்டு வாயில் அமைத்தமை சிந்திக்கத்தக்கது. தொல்காப்பியர் நானிலமே கூறினார். பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையென வடிவங் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் விளக்கிற்று. பாலை, நிலத்துக்கு நேரும் ஒரு நிலை. அதனை நட்டு வளர்க்க இயலாது.

வன்னியைப் பற்றிப் பேசுதற்கு இவ்விளக்கம் இன்றியமையாதது. காடும் கால்நடையும் முல்லை. குளத்தின் கீழ் வயல் மருதம். முல்லைத்தீவுக் கரை நெய்தல். (பாலை எனும் பெயருடைய மரமும் நம் காடுகளில் உண்டு. அதன் பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொண்ட எவரும் பாலையை வறட்சியோடு இணைத்துப் பார்க்கமாட்டார்.) 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை இந்நிலம் தன் இயல்பு கெட்டது. கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி மக்கள் ஊரூராக நகர்ந்து, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்கீற்றில் ஒடுங்கினர்.

அதன் பின்னர் வந்தது சுற்றுலா. கிளிநொச்சியில் தகர்க்கப்பட்டு வீழ்ந்த நீர்த்தாங்கி காட்சிப்பொருளாயிற்று. பெயர்ப்பலகை நாட்டினர், நினைவுப் பொருட் கடையும் வைத்தனர். புதுக்குடியிருப்புப் பக்கத்து நிலக்கீழ் மாளிகை, 2013 ஒக்ரோபரில் தகர்க்கப்படும்வரை பஸ்களில் வந்தோருக்குக் காட்டப்பட்டது. இவற்றைக் கருப்பொருட் பூங்கா என எவரும் அழைத்ததில்லை. ஆனால் இலக்கணம் பொருந்துகிறது: எல்லையிட்ட நிலம், ஒரே கதை, வழிகாட்டி, வாயிலிற் கடை. அக்கதை எது எனத் தீர்மானித்தவர் அந்நிலத்தில் இருந்தோர் அல்லர். அவர்களிற் பலர் அப்போது செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். ஊர் திரும்பியோர் தகரக் கொட்டகைகளில் இருந்தனர்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்திற் குந்தினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே. மகன் வருவான் எனத் தாய் வீதியோரத்திற் பந்தலிட்டு இருக்கும் நிலத்துக்கு எந்நிறுவனமும் உரிப்பொருள் செய்துகொடுக்க வேண்டியதில்லை.

இதனாற் கேளிக்கையே ஆகாது என்போர் நம் மூத்தோரிற் சிலர். துயர்பட்ட மண்ணில் இராட்டினம் சுழலலாமா என்பர். இதனை நான் மறுக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் செல்வோர் அழுது நேர்த்தி வைக்கின்றனர். அதே வீதியிற் பிள்ளைக்கு ஊதுகுழல் வாங்கிக் கொடுத்துக் கச்சான் கொறித்துத் திரும்புகின்றனர். கடல்நீரில் விளக்கெரியும் அவ்விரவில் முதலும் கருவும் உரியும் ஒருங்கே நிற்கின்றன. எந்த வரைகலைஞரும் திட்டமிட்ட நிலமன்று அது. விளையாட்டு வன்னிப் பிள்ளைகளுக்கும் உரியது. 2009 இல் கைக்குழந்தையாயிருந்தோர் இன்று வாக்காளராகும் வயதை எட்டிவிட்டனர்; நீர்ச்சறுக்கு வேண்டும் என அவர்கள் கேட்டால் அதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இயக்கச்சியிற் புலம்பெயர் தமிழரின் முதலீட்டில் உருவான 'றீச்சா', பண்ணையும் தங்குமிடமும் பொழுதுபோக்கிடமும் ஒன்றான தலம். வடக்கின் பல பாகங்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கு செல்கின்றன. என் வகுப்புத் தோழரிடை அதுபற்றிய பேச்சு, ஓர்லாண்டோ ரசிகர் பேச்சினின்றும் பெரிதும் வேறானதன்று. மேலும் என்ன சேர்க்கலாம் என்று கேட்டால் ஒருவர் பெரிய இராட்டினம் என்பார். ஒருவர் மிருகங்கள் என்பார். எல்லோருக்கும் கட்டுப்படியாகும் நுழைவுக் கட்டணம் என்பார் இன்னொருவர். தமிழ்ப் பாடம் பயில்வோர் மட்டும் தவறாமல் 'பழைய வன்னிக் கிராமம்' என்கிறோம்: மண்வீடு, மாட்டுவண்டி, பண்டாரவன்னியனுக்கு ஒரு சிலை.

முதல் மூன்றிலும் எனக்கு எதிர்ப்பில்லை. இராட்டினம் யாருடைய கதையையும் சொல்வதில்லை, சுழலும், இறக்கிவிடும். நம்முடைய விருப்பமாகிய நாலாவதே என்னை உறுத்துகிறது. மண்வீட்டை விட்டு ஓடி, தறப்பாளிற் கிடந்து, வீட்டுத்திட்டத்திற் கல்வீடு பெற்ற ஒருவர், வாயிலிற் பணம் கட்டி மண்வீடு பார்க்கப் போவாரா? போனால் யாருடைய வீடாக அதனைக் காண்பார்? கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருவோருக்கு அது ஆனந்தபூர். அவருக்கு அது வேறு. அத்தகைய நிலம் அமையுமாயின் அடுப்பு எந்தப் பக்கம், மாட்டுப்பட்டி எங்கே என்பதையெல்லாம் சொல்லவேண்டியவர் அவரே. இந்த வீடு எந்த ஆண்டு வரை இருந்தது எனப் பலகையில் எழுதுவதா விடுவதா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

அமெரிக்க ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தம் மனத்திலுள்ள விரிவாக்கத்தை முழு வரைபடமாக வரைந்து ஒருவருக்கொருவர் காட்டி, இங்கே நடைபாதை குறுகல், அங்கே நிழல் இல்லை எனக் குற்றம் கண்டு மகிழ்வர். நம் மாணவர் மன்றமும் ஒருமுறை அதனைச் செய்து பார்க்கலாம். வன்னிப் பெருநிலப்பரப்பின் வெறும் வரைபடத்தை முன்வைத்து, எந்த நிலத்துக்கு எந்தப் பெயர் என எழுதத் தொடங்கட்டும். இயக்கச்சி, இரணைமடு, முறிகண்டி, ஒட்டுசுட்டான் வரை கை தாராளமாக ஓடும். நந்திக்கடலைத் தாண்டியதும் எழுதுகோல் எங்கே நிற்கிறது என்பதையும் யார் முதலிற் பேசுகிறார் என்பதையும் கவனித்தால் போதும்.