‘அல்லது’ என்னும் ஒரு சொல்

தென்காசியில் அண்மையில் ஒரு நண்பரின் திருமணம். மேடையிலே ஓமகுண்டம் இல்லை. கண்ணைக் கரிக்கும் புகை இல்லை. புரியாத மொழியில் முணுமுணுக்கப் புரோகிதரும் இல்லை. மணமக்கள் உறுதிமொழி கூறினர், மாலை மாற்றிக்கொண்டனர், இருவர் வாழ்த்திப் பேசினர். அரைமணி நேரத்தில் எல்லாம் நிறைவுற்றது. பிற்பகல் குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி நடந்தபோது, மணமகளின் பெரியப்பா நம் பக்கம் ஒதுங்கி வந்து கேட்டார்: “தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு ஒரு வம்புன்னு வந்தா இது கோர்ட்டுல நிக்குமா?”

நகைத்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது. சட்டம் என்றால் சிக்கலாகத்தான் இருக்கும், இவ்வளவு எளிதாக முடிந்தது எப்படிச் சட்டமாகும் என்னும் அச்சம் நம் மக்களிடம் ஊறிக் கிடக்கிறது. “நிற்கும், பெரியப்பா” என்று கூறி அனுப்பினோம். ஆனால் அன்றிரவே அந்தச் சட்டப் பிரிவை எடுத்து, ஒரு நூலை ஆராய்வதுபோல் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தோம்.

இலக்கிய ஏட்டிலே சட்டத்திற்குத் திறனாய்வா என்று கேட்போர் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. சட்டம் பயின்றவர்தாம். கம்பனைப் பற்றி அவருக்கும் நமக்கும் ஒத்துவராது. அது வேறு வழக்கு! ஆனால் சொல்லிய மாத்திரத்தில் கேட்பவன் நெஞ்சில் பொருள் ஏறவேண்டும் என்ற கோலைக் கொண்டு கவிதையை அளந்தவர் அவர். அந்தக் கோலைச் சட்டத்தின்மேல் வைத்தால் என்ன?

இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு. அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது கேட்பதென்ன? உறவினர், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக, இருவருக்கும் புரியும் மொழியில் கூறவேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும். அல்லது மோதிரம் அணிவிக்க வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். அவ்வளவே.

‘அல்லது’ என்ற சொல்லை நோக்குக! அவ்விடத்தில் ‘மற்றும்’ என்று இருந்திருக்குமானால், தாலி இல்லாத மணம் மணமாகாது. மாலை வாங்க மறந்தவன் மணமகனாகான். சடங்குகளைச் சங்கிலியாகக் கோப்பது ‘மற்றும்’. சங்கிலியை அறுத்து விருப்பத்தைக் கையில் கொடுப்பது ‘அல்லது’. ‘புரியும் மொழியில்’ என்ற தொடரும் அத்தகையதே. பொருள் தெரியாமல் தலையாட்டிய தலைமுறைகளுக்கு அந்த ஒரு தொடரில் விடை இருக்கிறது.

எளிமை இவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அடுத்த 25 ஆண்டுகளில் எத்தனையோ இணையர் அவ்வாறு மணந்தனர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், ஓமமும் சப்தபதியும் இல்லை, நீண்டகால வழக்கமும் இல்லை, ஆகவே இத்தகைய மணம் செல்லாது என்றது. பழையதாயிருந்தால் வழக்கம், புதியதாயிருந்தால் குற்றம்! எத்தனை மனைவியரின் நிலையும் பிள்ளைகளின் உரிமையும் ஒரே தீர்ப்பால் கேள்விக்குறியாயின! 7-அ பிரிவு வருங்காலத்திற்கு மட்டும் வழிசெய்யாமல், முன்பு நடந்த மணங்களையும் அவை நடந்த நாள்முதலே செல்லும் என ஏற்றது அதனாலேதான்.

“சடங்கு கூடுதலாக இருந்தால் பெண்ணுக்குத்தானே பாதுகாப்பு?” என்று வைதிக நண்பர்கள் வாதிடுவர். அவர்கள் 2001-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு தமிழ்நாட்டு வழக்கைப் படிக்கட்டும். மனைவி உயிரோடிருக்க, 1984-இல் திருத்தணியில் இன்னொருத்திக்குத் தாலி கட்டினான் ஒருவன். முதல் மனைவி வழக்குத் தொடுத்தாள். எதிர்த்தரப்பின் வாதமென்ன? தீவலம் ஏழடி நடந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை; ஆகவே இரண்டாவது மணம் மணமே அன்று; மணமே அன்று என்றால் இருதார மணக் குற்றம் எங்கே? கீழ் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்று அவனை விடுவிக்கவும் செய்தது. ஏழடி என்னும் புனிதச் சடங்கு, ஏமாற்றியவன் தப்பியோடும் ஏழடியாயிற்று! உச்சநீதிமன்றம் 7-அ பிரிவைக் காட்டி, தாலி கட்டியதே போதும், மணம் நடந்தது, குற்றமும் நடந்தது என்றது. 17 ஆண்டுகள் கழித்துத்தான். சிக்கல் எளியவருக்குக் கவசம் என்போர், அந்த மனைவிக்குச் சடங்கு தந்த கவசம் எது என்று காட்டட்டும்.

எளிமை என்னும் பெயரில் வருவதெல்லாம் எளிமையுமன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளை 358 ஆகச் சுருக்கிவிட்டோம் என்று மைய அரசு மார்தட்டுகிறது. புதுச்சட்டம் 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ளது. நாம் பேசிய இருதார மணத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய 494, 495 என்ற இரு பிரிவுகள் புதிய 82-இல் இரு உட்பிரிவுகளாக அமர்ந்திருக்கின்றன. எண் குறைந்தது, எளிமை எங்கே கூடிற்று? சட்டத்தின் பெயரோ ‘பாரதிய நியாய சன்ஹிதா’. தென்காசிச் சந்தையில் நிற்கும் உழவர் எவருக்கு இப்பெயர் புரியும்? ‘புரியும் மொழியில்’ என்று எழுதிய கைக்கும் இந்தக் கைக்கும் உள்ள தொலைவு இதுதான்.

7-அ பிரிவிலும் குறை காண்கிறோம். பிரிவு எளிது, அதைப் படிப்பவர்கள் எளிதாக விடுவதில்லை. 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் மறைவாக நடக்கும் மணம் சுயமரியாதை மணமாகாது என்றது. சட்டத்தில் இல்லாத விளம்பரத்தைத் தீர்ப்பு சேர்த்தது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி வருபவர்கள் ஊரைக் கூட்டியா மணக்க முடியும்? 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதனைத் திருத்தியது.

அதைவிடப் பெருங்குறை, இப்பிரிவு இந்துக்கள் இருவருக்கே உரியது என்பது. புரோகிதரை விலக்கலாம், ‘இந்து’ என்ற முத்திரையை விலக்க முடியாது! மதம் மாறி மணப்போர் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வாயிலில்தான் நிற்க வேண்டும். அங்கே பெயர், வயது, தொழில், முகவரி அத்தனையும் அறிவிப்பாக அலுவலகத்தில் ஒட்டப்படும்; மறுப்புக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். சாதிச்சங்கத்தானுக்கும் மதவெறியனுக்கும் அரசே முகவரி எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு இது.

குற்றாலத்தில் அன்று பெரியப்பாவுக்குப் பின்னால் மணமகளின் தோழி ஒருத்தி நின்றாள். அவள் விரும்பும் இளைஞர் கிறித்துவர். “எங்களுக்கும் இப்படி அரைமணி நேரத்தில் முடியுமா, அண்ணா?” என்றாள். நாம் அந்த 30 நாள்களைப் பற்றிச் சொன்னோம். பலகையில் வீட்டு முகவரியும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றோம்.