நம்பிக்கையும் தாராளமும்: இளையரும் மக்களாட்சியும் குறித்து ஒரு மறுபார்வை

இளையர்கள் தாராளவாத மக்களாட்சியில் நம்பிக்கை இழந்து வருகின்றனர் என்னும் கருத்து அண்மைக் காலமாகக் கல்வியுலகில் வலுவாக ஒலித்து வருகின்றது. ஃபோவா, மவுங்க் ஆகிய இருவரும் 2016, 2017ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இதற்குப் பெரிதும் காரணமாயின. மக்களாட்சியில் வாழ்வது எவ்வளவு இன்றியமையாதது என ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடக் கேட்டபோது, முழுமையாகப் பத்து அளித்தோர் அமெரிக்காவில் 1930களில் பிறந்தோரிடையே பத்தில் எழுவர் எனவும், 1980களில் பிறந்தோரிடையே ஏறத்தாழ மூவர் எனவும் அவர்கள் சான்று காட்டினர். எட்டும் ஒன்பதும் அளித்தோரை ஒதுக்கிவிட்டுப் பத்தை மட்டும் எண்ணுவது முறையன்று என மறுத்தோரும் உண்டு.

இவ்விவாதத்தைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சூழலுக்குக் கொண்டுவரும்போது, எண்களுக்கு முன்பே சொற்கள் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. இறைவன்மேல் வைக்கும் உறுதியையும், ஒரு மனிதரை நம்பி ஒன்றை ஒப்படைப்பதையும், நாளை நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பையும் நாம் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றோம். வீடு வாங்க இயலுமோ எனக் கவலைப்படும் இளையர் இழந்திருப்பது மூன்றாவதை. தலைப்புச் செய்தியோ அவர் முதலாவதை இழந்துவிட்டதாக அறிவிக்கின்றது.

'தாராளவாதம்' என்னும் சொல் இதனினும் சிக்கலானது. தாராளம் என்பது கைதிறந்து வழங்குதல். தாராள மனம் உடையவர் கொடையாளி. இலங்கையில் வழங்கும் 'தாராண்மை'யும் இப்பொருளினின்று வெகுதொலைவு விலகிவிடவில்லை. எனவே, தாராளவாத ஆட்சி என்றவுடன் ஆள்வோர் மனமிரங்கி அளிக்கும் சலுகை என்ற தோற்றமே எழுகின்றது. அக்கொள்கையின் உள்ளீடு இதற்கு நேர்மாறானது. ஆள்பவர் நல்லவராக இல்லாத நாளிலும் குடிமகன் காக்கப்பட வேண்டும் என்ற முன்னெச்சரிக்கையே அது. நீதிமன்றம், கணக்குத் தணிக்கை, எதிர்க்கட்சி, காலவரையறையுள்ள பதவி ஆகிய அனைத்தும் ஐயத்தின் குழந்தைகள். ஐயத்தை அடித்தளமாகக் கொண்ட ஓர் அமைப்பின்மீது நம்பிக்கை உண்டா என வினவுவதே ஒரு வகையில் பிழையான வினா எனலாம்.

சிங்கப்பூரில் அரசின்மீது மக்கள் கொண்டுள்ள நம்பிக்கை உயர்ந்த அளவினது என்பது பலரும் அறிந்ததே. அதன் அடிப்படை வீடு, வேலை, பள்ளி, பாதுகாப்பு ஆகியவற்றில் அரசு காட்டிய செயல்திறன். அது சிறிய செய்தியன்று. ஆயினும், வாக்களிக்கும் பழக்கத்திலிருந்து பிறந்த நம்பிக்கை வேறு. தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991இல் உருவாக்கப்பட்டது முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களிலும் போட்டியின்றியே முடிவாயிற்று. 2015இல்தான் அங்கு முதன்முறையாகப் போட்டி நிகழ்ந்தது. 1991இல் 21 வயது நிரம்பி, அத்தொகுதி எல்லைக்குள்ளேயே வாழ்ந்த ஒருவர், பொதுத்தேர்தலில் முதல் வாக்கைச் செலுத்தியபோது அவருக்கு வயது 45. 2025 பொதுத்தேர்தலிலும் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் போட்டி இல்லை. கைவரப்பெறாத ஒன்றை இளையர் 'இழந்தனர்' என்பது பொருந்துமா?

நம் முன்னோர் நிலை வேறாக இருந்தது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை ஒட்டி, தமிழர்கள் தயங்காமல் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் எனக் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாக இயக்கமே நடத்தினார். (இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாய்க்கத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியவரும் அவரே.) ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றிருந்த தொழிலாளரிடம், இங்கேயே இருங்கள், இங்கே உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு என்று சொல்வது எளிய பணியன்று. அத்தலைமுறைக்குக் குடியுரிமை என்பது விண்ணப்பித்துப் பெற்ற ஒன்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அது பிறப்புச் சான்றிதழோடு வந்தது.

மக்களாட்சியின் தாராளவாதக் கூறு சோதனைக்குள்ளாவது வாக்கில்லாதோரிடத்தில்தான். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் நிகழ்ந்த கலவரத்தை இவ்விடத்தில் கருதிப் பார்க்கலாம். பேருந்து மோதி ஒரு தமிழ்த் தொழிலாளர் உயிரிழந்ததை அடுத்து அக்கலவரம் மூண்டது. 25 பேர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் வழக்கு விசாரணையின்றித் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். விசாரணைக் குழு அமைக்கப்பட்டு வெளிப்படையாக அமர்வுகள் நடைபெற்றதைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும், அந்த 57 பேருக்கும் நீதிமன்ற விசாரணைக்கு உரிமை இருந்திருக்க வேண்டுமா என்ற வினா நம் தமிழ் வகுப்புகளில் எழுந்ததாகத் தெரியவில்லை. மதுவும் ஒழுக்கமும் பற்றிய கட்டுரைத் தலைப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. எந்தத் தேர்தலிலும் அவர்களுக்கு இடமில்லை. பெரும்பான்மையோர் ஒப்புதலும் அவர்களைக் காக்காது. மக்களாட்சி, தாராளவாத மக்களாட்சி என்னும் இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க, தேக்காவினும் அருகிலுள்ள சான்று வேறு எது?

நாம் கற்பிப்பது என்ன? இறைமாட்சி, செங்கோன்மை, மனுநீதிச் சோழன், தவறுணர்ந்து உயிர்நீத்த பாண்டியன். இவை ஒப்பற்றவை, ஐயமில்லை. ஆனால், இவற்றில் நீதி மன்னனுடைய மனச்சான்றில் தங்கியிருக்கின்றது. பாண்டியன் தவற்றை ஒப்புக்கொள்ள மறுத்திருப்பின் கண்ணகிக்கு மேல்முறையீடு எங்கே? இவ்வினாவை எழுப்பாமலேயே நாம் அடுத்த காதைக்குச் சென்றுவிடுகின்றோம். நல்ல அரசன் வந்தால் எல்லாம் சீராகும் என்ற மனப்பழக்கத்தோடு வெளியேறும் மாணவர், அரசனின் திறன் தளரும்போது அமைப்பையே வெறுப்பதில் வியப்பில்லை. வலிமைமிக்க ஒரு தலைவரை நாடும் இளையரும் ஒரு வகையில் நம் பாடத்தை நன்கு கற்றவரே.

இதற்கு மாறான போக்கும் உண்டு. 2022இல் கொழும்பு காலிமுகத் திடலில் திரண்ட இளையர்கள் அதிபரைப் பதவி விலகக் கோரியதோடு நின்றுவிடவில்லை. நிறைவேற்று அதிகாரமுடைய அதிபர் முறையையே நீக்க வேண்டும் என்ற குரலும் அங்கு ஓங்கி ஒலித்தது. ஆளை மாற்றுவதைக் கடந்து பதவியை வரையறுக்க முனைந்த அக்கோரிக்கையை, நம்பிக்கை இழப்பு என எந்த அளவுகோல் பதிவு செய்யும் என நமக்கு விளங்கவில்லை.

நம் மரபில் இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எடுத்துக்காட்டி, உலகின் முதல் மக்களாட்சி தமிழருடையது எனப் பெருமிதம் கொள்வது மேடை மரபு. அது மிகைக்கூற்று. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் ஆடவர்க்கு மட்டுமே உரிய சபை அது. பெயரைத் தேர்ந்ததும் வாக்கன்று, குலுக்கல். மேடையில் எவரும் பேசாத விதிகளே நமக்கு வேண்டியவை: முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழப்பர். ஆள்வோர் நல்லவராகவே இருப்பர் என்று எண்ணி எழுதப்பட்ட விதிகள் அல்ல இவை. 'பொறுப்புடைமை', 'பொறுப்பேற்பு' என நாம் இன்று சொல் தேடி அலையும் கருத்தை, 'கணக்குக் காட்டுதல்' என்னும் வழக்கு பதினொரு நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்கின்றது. மனுநீதிச் சோழனுக்கு ஒதுக்கும் பாடவேளையில் ஒன்றை இக்கல்வெட்டுக்கு அளிப்பதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவைப்படாது.