கருவறைப் பாடல்கள்: நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’ பற்றி ஒரு திறனாய்வு

மேனாட்டு ராக் இசைத்தட்டு ஒன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவது பொருந்துமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கம்பனுக்கும் இளங்கோவுக்கும் உரிய பக்கத்தில் மின்கித்தாரின் இரைச்சலுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் அணிந்து திரியும் கறுப்புப் பனியனைச் சற்று உற்றுப் பாருங்கள். நாக்கை நீட்டிய மஞ்சள் முகம் ஒன்று அதில் இருக்கும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கும். அது நிர்வாணா என்னும் அமெரிக்க இசைக்குழுவின் சின்னம். தெருவோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அப்பனியனை வாங்குவோருள் பலர் அக்குழுவின் பாடலொன்றையும் முழுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்களும், அதன் தலைவர் கர்ட் கோபேன் எவ்வாறு இறந்தார் என்பதை அறிந்த அளவுக்கு, அவர் என்ன பாடினார் என்பதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. இக்குறை பற்றியே இக்கட்டுரை எழுந்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோபேன் 1967 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்தீன் என்னும் ஊரில் பிறந்தார். மரம் வெட்டும் தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் அது. அவருடைய ஒன்பதாம் வயதில் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். 1987 இல் கிறிஸ்ட் நோவோசெலிக் என்னும் நண்பருடன் சேர்ந்து குழுவைத் தொடங்கினார். டிரம்ஸ் வாசிக்கும் டேவ் குரோல் 1990 இல் வந்து சேர்ந்தார். 1991 செப்டம்பரில் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ என்னும் இசைத்தட்டு, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே பின்தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. (அத்தட்டின் உறையில் ஆடையில்லாத குழந்தையொன்று நீரில் நீந்தும். படத்தையும் குழுவின் பெயரையும் சேர்த்துப் பார்த்து எங்கள் பள்ளி மாணவர்கள் சிரித்த சிரிப்பு இன்றும் நினைவிருக்கிறது. பௌத்தர் கூறும் நிர்வாணத்தையே குழுவினர் கருதினர் என்று எடுத்துச் சொன்னாலும் எவரும் நம்பவில்லை.)

நாம் ஆராய எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்து வந்த ‘இன் யூட்டரோ’. இலத்தீன் மொழியில் ‘கருப்பையினுள்’ என்று பொருள். அமெரிக்காவில் 1993 செப்டம்பர் 21 அன்று வெளிவந்த இத்தட்டில் பன்னிரண்டு பாடல்கள் உள்ளன. பெரும்புகழுக்குப் பின் வரும் படைப்பு என்பதால், நிறுவனம் முன்னதைப் போன்ற மெருகையே எதிர்பார்த்திருக்கும். கோபேனோ மெருகை விலக்க விரும்பி, ஸ்டீவ் அல்பினி என்பவரை நாடினார். 2024 மே மாதத்தில் காலமான இந்த அல்பினி ஒரு தனிப்பிறவி. ‘தயாரிப்பாளர்’ என்னும் பட்டத்தை அவர் ஏற்கமாட்டார். ‘ஒலிப்பதிவு செய்தவர்’ என்று குறிப்பிட்டால் போதும் என்பார். விற்பனையில் பங்கு கேட்பது ஒழுக்கக்கேடு என்பது அவர் கொள்கை. வேலை முடிக்கும் குழாய்ப் பணியாளருக்குக் கொடுப்பதுபோல் தமக்கும் வேலைக்குரிய கூலியைக் கொடுத்தால் போதும் என்று குழுவுக்கு முன்கூட்டியே நீண்ட மடல் எழுதியவர். ஒரு லட்சம் டாலர் கூலி பெற்றார். அதற்குமேல் அத்தட்டிலிருந்து ஒரு காசும் பெறவில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் நம்மனோர்க்கு இவர்மீது தனி மதிப்புத் தோன்றுவது இயல்பே.

மின்னசோட்டா மாநிலத்தில், கேனன் ஃபால்ஸ் என்னும் சிற்றூரை அடுத்த பேக்கிடெர்ம் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1993 பிப்ரவரியில் இரண்டு வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தன. மூவரும் ஒருசேர வாசித்ததே பெரும்பாலும் பதிவாயிற்று. டிரம்ஸைச் சுற்றிப் பல ஒலிவாங்கிகளை நிறுத்தி, அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பிடித்தார் அல்பினி. கோபேன் தம் குரற்பகுதியில் பெரும்பகுதியை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பாடி முடித்தார் என்பர். கேட்கும்போது இந்த விரைவு தெரிகிறது. திருத்தப்படாத மூச்சும் பிசிறும் தட்டில் அப்படியே உள்ளன.

இந்தப் பிசிறுதான் முதல் வழக்கு. அலுவலக நண்பர் ஒருவர், வயதில் மூத்தவர், கர்நாடக இசையில் ஊறியவர். ஒரு விடுமுறை நாளில் என் இல்லத்திற்கு வந்தபோது நான்கு பாடல்களைப் பொறுமையுடன் கேட்டார். “தம்பி, தொண்டை கிழியக் கத்துவதற்குப் பெயர் இசையா?” என்றார். “ஒப்பாரி வைக்கும் கிழவியின் தொண்டை சுருதி பார்த்தா ஒலிக்கிறது, ஐயா?” என்று கேட்டேன். “ஒப்பாரியை எவரும் சபையில் பாடச் சொல்வதில்லையே” என்றார் அவர். விடை கூர்மையானதே. ஆனால் கோபேனின் கூச்சல் ஒழுங்கற்ற கூச்சல் அன்று. ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ என்னும் பாடலைக் கேளுங்கள். அடிகள் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய முணுமுணுப்பாக வருகின்றன. பல்லவி வரும்போது எல்லாக் கருவிகளும் ஒருங்கே வெடிக்கின்றன, மீண்டும் அடங்குகின்றன. தாழ்வு அத்துணைத் தாழ்வாக இல்லையேல் வெடிப்புக்குப் பொருளில்லை. இது கணக்கு அறிந்தவன் செய்த வேலை. அதே வேளையில், ‘டூரெட்ஸ்’ என்னும் ஒன்றரை நிமிடப் பாடலையும் ‘வெரி ஏப்’ என்பதையும் நண்பரின் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்ற நான் முன்வரமாட்டேன். அவை தட்டை நிரப்புகின்றன, அவ்வளவே.

இரண்டாம் வழக்கு, இசை ஆர்வலர் முப்பது ஆண்டுகளாக நடத்திவருவது. அல்பினியின் பதிவு வெளியிடத் தக்கதன்று என்று நிறுவனத்தினர் கருதுவதாக 1993 வசந்தகாலத்தில் அமெரிக்க இதழ்கள் எழுதின. குழுவினர் மறுத்தனர், ஆயினும் தாமே ஐயம் கொண்டனர். ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ என்னும் இரண்டு பாடல்களின் ஒலிக்கலவையை ஸ்காட் லிட் என்பவர் சியாட்டிலில் மீண்டும் செய்தார். 2013 இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அல்பினியின் பழைய கலவைகளும், அவரே முழுத்தட்டுக்கும் புதிதாகச் செய்த கலவையும் வெளியாயின. உண்மையான பாடம் எது என்ற பூசல் அன்று முதல் இரட்டித்தது.

நம்மவர்க்குப் பாடபேதம் புதிதன்று. உ.வே.சா. அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி, ஒரு பாடத்தை மூலத்தில் வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் தந்தார். வேறுபாடு உண்டு என்பதற்காக எந்த ஏட்டையும் போலி என்று தூற்றவில்லை. இங்கும் அம்முறையே தக்கது. ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ பாடலின் இடையில் வரும் தனிக் கித்தார் வாசிப்பின்மீது அல்பினியின் கலவையில் விந்தையான எதிரொலி ஒன்று பூசப்பட்டிருக்கும். நோவோசெலிக்கிற்கே அது பிடிக்கவில்லை. பாட்டின் இறுக்கத்தை அது கலைக்கிறது என்பதே என் கருத்தும். மறுகலவையின்போது கோபேன் தாமே வந்து கூடுதல் குரலும் கித்தாரும் சேர்த்தார். ஆகவே அதனை வணிகர் சிதைத்த பாடம் என்று சொல்வது பொருந்தாது. ‘ஆல் அப்பாலஜீஸ்’ பாட்டிலோ வேறுபாடு நுண்ணியது: ஒன்றில் குரல் கருவிகளுக்கு நடுவே நிற்கிறது; மற்றதில் ஓரடி முன்னே வருகிறது. வரைவு ஒருவருடையது, திருத்தம் மற்றொருவருடையது, கையொப்பம் மூன்றாமவருடையது என்ற நிலையில் நாள்தோறும் கோப்புகளைப் பார்ப்பவன் நான். வாசகம் நன்றாக அமைந்ததா என்பதே இறுதியில் நிற்கும் கேள்வி.

வணிகத்தின் கை வேறிடத்தில் தெளிவாகத் தெரிந்தது. வால்மார்ட், கேமார்ட் என்னும் பெருங்கடைகள் பின்னுறையில் இருந்த கருச்சிசுப் பொம்மைகளின் படத்தைக் கண்டு தட்டை விற்க மறுத்தன. 1994 இல் அவற்றுக்கெனத் தனிப்பதிப்பு வந்தது. படம் மாற்றப்பட்டது, வன்புணர்வைக் கண்டித்து எழுதப்பட்ட ‘ரேப் மீ’ என்னும் பாடலின் தலைப்பு உறையில் ‘வேஃப் மீ’ என்றாயிற்று. பாடல் மாறவில்லை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய கடைகளை விட்டால் இசைத்தட்டு வாங்க வேறு இடமில்லை என்பதைக் குழுவினர் தம் இளமையில் கண்டிருந்தனர். அதனால் அதற்கு இசைந்தனர்.

இனி மூன்றாம் வழக்குக்கு வருவோம். என் அக்காள் மகன் கல்லூரியில் படிக்கிறான். “மாமா, சாகத் துணிந்தவன் எழுதிவைத்த கடிதம் இது, ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறதே” என்கிறான். அவன் மட்டுமல்லன், உலகில் பெரும்பாலோர் அவ்வாறே கேட்கின்றனர். 1994 ஏப்ரல் 5 அன்று, தம் இருபத்தேழாம் வயதில், கோபேன் தம்மையே மாய்த்துக்கொண்டார். போதைப்பழக்கமும் நீங்காத வயிற்றுவலியும் அவரை நெடுநாள் வாட்டின. இத்தட்டுக்கு முதலில் எண்ணியிருந்த தலைப்பே தம்மைத் தாம் வெறுத்துச் சாக விரும்புவதாகப் பொருள்படும் வாசகம். இவற்றையெல்லாம் அடுக்கி அவன் வாதிடுகிறான்.

அந்தத் தலைப்பு, தம்மை எப்போதும் துயரத்தில் மூழ்கியவராக எழுதிய இதழ்களை எள்ளி நகையாடக் கோபேன் வைத்தது. நகைச்சுவையை மக்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நோவோசெலிக் தடுத்தபின் கைவிடப்பட்டது. ‘ரேடியோ ஃப்ரெண்ட்லி யூனிட் ஷிஃப்டர்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயர்: வானொலிக்கு ஒத்தது, சரக்கை நகர்த்துவது என்னும் கடைக்காரர் பேச்சு. பாட்டோ வானொலிக்குச் சற்றும் ஒவ்வாத இரைச்சல். இந்த எள்ளலைக் கேளாத செவி பாதித் தட்டை இழக்கிறது.

அதனினும் முதன்மையானது காலக்கணக்கு. தட்டு பதிவானது மரணத்திற்கு ஓராண்டுக்கு முன்னர். பாடல்களில் சில இன்னும் பழையவை. ‘டம்ப்’ என்னும் பாட்டை 1990 செப்டம்பரிலேயே ஒலிம்பியா நகர வானொலியில் கோபேன் பாடியிருக்கிறார். ‘ரேப் மீ’ 1991 இல் இயற்றப்பட்டது. இறுதி வாக்குமூலம் என்று பலரும் கண்ணீர் உகுக்கும் பாடல்கள் புகழ் வருமுன்னரே பிறந்தவை.

அவ்வாறாயின் இத்தட்டு எதைப் பற்றியது? தலைப்பையே விடையாகக் கொள்ளலாம். 1992 ஆகஸ்டில் கோபேனுக்கு மகள் பிறந்தாள். ஆறு மாதம் கழித்து இப்பதிவு. முன்னுறையில் உள்ளுறுப்புகள் தெரியும் பெண்ணுருவம், சிறகுகளுடன். பின்னுறையில் மலர்களுக்கிடையே கருச்சிசுக்கள். முதற்பாடலான ‘சர்வ் தி சர்வன்ட்ஸ்’ தந்தையை நோக்கிப் பேசுகிறது. மணமுறிவைப் பற்றிய ஊராரின் கதைப்பில் சலிப்புக் கொள்கிறது. அடுத்த பாடல், பாட்ரிக் ஜூஸ்கிண்ட் என்னும் ஜெர்மானியர் 1985 இல் வெளியிட்ட ‘வாசனைத் திரவியம்’ என்னும் நாவலைத் தழுவியது. அதன் நாயகன் பாரிஸ் சந்தையில் மீன்கடையின் அடியில் பிறந்து, பெற்றவளால் சாகட்டும் என்று விடப்பட்ட பிள்ளை; தன்னுடலில் எம்மணமும் இல்லாதவன். ஐந்தாம் பாடலில் வருபவர் சியாட்டிலில் பிறந்த நடிகை ஃபிரான்சஸ் ஃபார்மர். 1940களில் பெற்ற தாயின் முறையீட்டின்பேரில் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ பாடலில் தொப்புள்கொடி வருகிறது. ‘பென்னிராயல் டீ’ என்பது கருவைக் கலைக்கும் என்று மேனாட்டுப் பெண்டிர் நம்பிய மூலிகைத் தேநீர்.

பிறப்பு, பெற்றோர், உடல், விடப்பட்ட பிள்ளை ஆகிய இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. தன்னை வளர்த்தவர்கள் தவறிய இடத்தில் தான் தந்தையாகி நிற்கும் இளைஞனின் அச்சம் இது. அச்சத்தில் சாவின் நிழல் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிழலையே பொருளாகக் கொள்ளலாகாது என்கிறேன். இறந்தவரின் கடைசிச் செயலை அவருடைய எல்லாச் சொல்லுக்கும் உரையாக்குவது எளிது. அவ்வுரை எழுதியபின் மூலத்தை எவரும் திரும்பப் பார்ப்பதில்லை.

மருமகன் விடவில்லை. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்.டி.வி. நிகழ்ச்சிக்காக மேடையில் லில்லி மலர்களும் மெழுகுவத்திகளும் வைக்கச் சொன்னவர் கோபேன்தானே என்று கேட்டான். உண்மைதான். அம்மேடை இரங்கல் மண்டபம்போல் இருந்தது; அங்கு ‘ஆல் அப்பாலஜீஸ்’ இரங்கற்பாவாகவே ஒலித்தது. அந்நிகழ்ச்சி தட்டாக வெளிவந்தது 1994 நவம்பரில், மரணத்திற்குப் பின். கோடிக்கணக்கானோர் அப்பாட்டை முதலில் கேட்டது அவ்வடிவில்தான். அதன் பின்னரே ‘இன் யூட்டரோ’வுக்கு வந்தவர்கள், மேடையின் மெழுகுவத்திகளையும் உடன் கொண்டுவந்தனர்.

அவனிடம் 2013 பதிப்பிலுள்ள இன்னொரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அதே ‘ஆல் அப்பாலஜீஸ்’. 1991 ஜனவரி 1, புத்தாண்டு நாளன்று சியாட்டிலில் ஒலிப்பதிவானது. செல்லோவின் நீண்ட இழைப்பு அதில் இல்லை. நடை துள்ளலாக இருக்கிறது. பாடுபவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ‘நெவர்மைண்ட்’ வெளிவர இன்னும் எட்டு மாதத்திற்கு மேல் இருந்தது.